கூரையின் வியர்வை

சேலம், நாமக்கல் சமவெளியிற் பிறந்து வளர்ந்தோர்க்குக் கூரையைக் குறித்து இரண்டே கவலைகளுண்டு. சித்திரை வைகாசியில் அதன் வழியே இறங்கும் வெப்பம் ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் அதன் வழியே இறங்கும் மழைநீர் மற்றொன்று. இரண்டும் மேலிருந்தே வருவன. ஆதலால் கூரையில் ஈரங் கண்டால் வானத்தை நோவதும், வானம் வெளுத்திருந்தால் கூரை வேய்ந்தவனை நோவதும் எங்கள் வழக்கம். இராசிபுரத்தையடுத்த சிற்றூரொன்றில் நாட்டு ஓட்டு வீட்டில் வளர்ந்த யானும் ஐம்பது வயது கடக்குமட்டும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று அறிந்த வரலாற்றையும், அப்பிழையால் ஒருவருக்கு யான் இழைத்த அநியாயத்தையும் நமது கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதும்படி பழைய மாணவ நண்பரொருவர் பன்முறை கேட்டுக்கொண்டமையால் இதனை எழுதலானேன்.

என் தந்தையார் உபாத்தியாயர் வேலையினின்று ஓய்வு பெற்ற பின்னர், ஏற்காட்டில் நாகலூர் செல்லும் சாலையருகே சிறு வீடொன்று வாங்கினார். சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் உள்ளது; ஏற்காடோ 1,500 மீட்டருக்குச் சற்று மேல். மலைப்பாதையின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சென்றால், கீழே கைக்குட்டையால் வியர்வை துடைத்தவர் மேலே கம்பளி தேடுவர். இரண்டிடங்களுக்கும் பெரும்பாலும் எட்டு டிகிரி அளவு வித்தியாசமுண்டு. 1820-ஆம் ஆண்டையொட்டிச் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொணர்ந்து நட்ட மலையல்லவா அது! தந்தையார் வீட்டின் பின்புறமும் காப்பித் தோட்டமே.

வீட்டின் சுவர் கருங்கல். கூரை சீமை ஓடு. ஓடுகள் சிலவற்றின் முதுகில் பாஸல் மிஷன் முத்திரையிருந்தது. 1865-இல் பிளெப்ஸ்ட் என்னும் மிஷனெரி மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையை முன்னோடியாகக் கொண்டு பரவிய இவ்வோடுகள் தென்னாடு முழுவதும் பேர்பெற்றவை. அடுக்களைக்கு மேலே முகட்டில் ஒரு புகைக்கூண்டும் இருந்தது. ஓடுகளின் இடுக்குகளிலும் இறவாரத்தின் சந்துகளிலும் காற்று தாராளமாய்ப் புகுந்து வெளியேறும். ஆனால் ஏற்காட்டுக் குரங்குகளை அறிந்தோர் ஓட்டுக் கூரையின் துன்பத்தையும் அறிவர். மாதமொருமுறை உடைந்த ஓட்டை மாற்றியும் முடியாமல், 2013 ஜூன் மாதத்தில் ஓடுகளைக் களைந்து வர்ணம் பூசிய இரும்புத் தகடு வேய்ந்தோம். மலையடிவாரத்து ஊரைச் சேர்ந்த மேஸ்திரியார் ஒருவர் அவ்வேலையைச் செய்தார்.

வேலை நடந்தபோது யான் கூட நின்று, எனக்குத் தெரிந்த சீர்திருத்தங்களையெல்லாம் செய்வித்தேன். அணிலும் வௌவாலும் புகாதிருக்க இறவாரத்துச் சந்துகளைச் சிமிட்டியிட்டு அடைக்கச் சொன்னேன். விறகடுப்பு ஒழிந்து எரிவாயு அடுப்பு வந்துவிட்டமையால் புகைக்கூண்டு எதற்கென்று அதனையும் எடுக்கச் சொன்னேன். அறைகளுக்கு மேலே மச்சுப்பலகை தைத்து, மச்சுக்குள் ஏறிப் பண்டங்கள் வைக்க ஒரு சதுரத் திறப்பும், அதற்கு ஒரு கதவும் அமைத்தோம். மேஸ்திரியார் ஓரிருமுறை, “கூண்டு இருக்கட்டுமுங்களே ஐயா” என்றார். காசு சேர்ப்பதற்காகச் சொல்லுகிறாரென்று யான் கருதினேன்.

அம்மச்சில் முதலில் ஏற்றி வைத்த பொருள் ஒரு தகரப் பெட்டி. என் பாட்டனார் உபதேசியாராயிருந்து, சமவெளிக் கிராமங்களுக்குக் கால்நடையாய்ச் சென்று பிரசங்கித்தவர். எங்கே தங்கினார், யார் உணவளித்தார், எவ்வசனத்தின்மேற் பேசினார் என்பவற்றைப் பென்சிலால் எழுதிவைத்த பதினேழு நோட்டுப் புத்தகங்கள் அப்பெட்டியில் இருந்தன. தந்தையார் அவற்றைப் பிரதி செய்யத் தொடங்கி, இரண்டாம் புத்தகத்தோடு நிறுத்தியிருந்தார். ஈரமும் கறையானும் அணுகாத இடம் மச்சு ஒன்றே என்று அவரிடம் கூறியவன் யானே.

அவ்வாண்டு ஐப்பசி மழை பலமாகவே பெய்தது. கூரையில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் 2014 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில், விடியற்காலை ஆறு மணிக்குத் தந்தையார் தொலைபேசியில் அழைத்து, கட்டில் நனைந்துவிட்டதென்றார். மழை நின்று மூன்று வாரமாயிற்று. முந்தின இரவு வானத்தில் நட்சத்திரங்கள் பளிச்சென்றிருந்தனவாம். யான் மலையேறிச் சென்று பார்த்தபோது மச்சுப்பலகையின் இணைப்புகளில் நீர் கோத்து நின்றது. உடனே மேஸ்திரியாரை வரவழைத்தேன். அவர் கூரையேறி, ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் பசை தடவினார். அடுத்த வாரம் மறுபடியும் ஒழுகிற்று. மீண்டும் வந்து தடவினார். மூன்றாம் முறை அவர் கூறியவை இன்றும் என் செவியில் உள்ளன:

“ஏனுங்க ஐயா, ஐப்பசி அடைமழையிலே ஒரு சொட்டு விழுகலீங்களே! மழையே இல்லாத தை மாசத்திலே, அதுவும் விடியக்காலம் மட்டும் விழுந்தா, அது என்ற தகரத்துக் குத்தமுங்களா?”

நியாயமான கேள்வி. ஆனால் யான் அதனை வேலையிற் பிழைசெய்தவன் சொல்லும் சாக்கென்றே கொண்டேன். கொடுக்கவேண்டிய பாக்கி ரூ. 12,000-ஐக் கொடுக்க மறுத்துவிட்டேன். இரண்டுமுறை வந்து கேட்டார், பின்பு வரவில்லை.

அடுத்த ஆண்டு தந்தையார் பாட்டனாரின் மூன்றாம் புத்தகத்தைக் கேட்டார். பெட்டியைக் கீழே இறக்கித் திறந்தபோது, ஒட்டடை போன்ற சாம்பல் நிறப் பூசணம் அட்டைகளின்மேற் படர்ந்திருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழிந்தன. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. முற்றத்தில் பாயை விரித்து, வெயில் இறங்குமட்டும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2017-இல் அவர் காலமானார். அதன்பின் அவ்வீடு பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. வாரயிறுதிகளில் மட்டும் யானும் என் குடும்பத்தாரும் சென்று தங்குவோம்.

இனி, சொல்லப்போகும் இடம் ஏற்காட்டினின்று வெகு தூரம். என் தங்கை கனடா தேசத்து டொராண்டோ நகரில், தமிழர் மிகுதியாக வாழும் ஸ்கார்பரோ பகுதியிற் குடியிருக்கிறாள். 2019 பிப்ரவரியில் அவளைக் காணச் சென்றேன். அவள் வீட்டு இறவாரத்தினின்று ஓர் ஆள் உயரமுள்ள பனிக்கட்டி விழுதுகள் வரிசையாய்த் தொங்கின. குழந்தைகள் அவற்றைக் கண்டு குதூகலித்தனர், யானும் படமெடுத்தேன். ஆனால் தங்கை படுக்கையறைச் சுவரின் உச்சியைக் காட்டினாள். அங்கே தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை. “கூரைக்காரன் ஏமாற்றிவிட்டான், அண்ணா” என்றாள். எங்கள் குடும்பத்தில் அவ்வார்த்தை எளிதில் வருவது.

பழுது பார்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். அந்நாட்டில் நெடுங்காலமாகக் கட்டிட வேலை செய்பவர். கறையை ஒருமுறை பார்த்துவிட்டு, கூரைமேல் ஏறாமல், ஏணியை எடுத்து மச்சுத் திறப்பின்கீழ்ச் சாத்தினார். எனக்கு ஆச்சரியமாயிருந்தது. அவர் அனுமதியோடு யானும் பின்னே ஏறினேன். அவர் விளக்கைத் திருப்பியபோது கண்ட காட்சியை மறவேன். கூரைப் பலகையின் அடிப்புறமெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. பலகையை ஊடுருவி வந்த ஆணிமுனை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை மொட்டு. ஆயிரக்கணக்கான மொட்டுகள். வெளியே பெய்யும் பனி அங்கே புகுவதற்கு வழியேயில்லை.

“இது வானத்துத் தண்ணி இல்லைத் தம்பி, உங்கட வீட்டுத் தண்ணிதான்” என்றார் அவர்.

பின்னர் அவர் விளக்கியதன் சாரம் இது. வீட்டினுள் சமைக்கிறோம், குளிக்கிறோம், துணி உலர்த்துகிறோம், மூச்சு விடுகிறோம். நால்வருள்ள குடும்பம் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவு நீரை ஆவியாக்கிக் காற்றில் விடுவதுண்டு. வெம்மையான காற்று மிகுந்த ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர்க் காற்று 17 கிராம் நீராவி வரையில் ஏற்கும். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் ஏறக்குறைய ஒரு கிராம் மாத்திரம். அறையின் வெங்காற்று விளக்குகளைச் சுற்றியுள்ள துளைகளின் வழியாகவும், மச்சுக் கதவின் இடுக்கின் வழியாகவும் மேலேறிக் குளிர்ந்த பலகையைத் தொட்டவுடன், தான் சுமந்த ஆவியை அங்கேயே பனியாகப் படியவிடுகிறது. குளிர் தணியும் நாளில் அப்பனி உருகி, மழையேயின்றி வீடு ஒழுகும்.

இறவாரத்துப் பனிவிழுதுகளின் காரணமும் அவ்வெங்காற்றே. மச்சு வெதுவெதுப்பாக இருந்தால் கூரையின் மேற்பாகத்துப் பனி அடியினின்று உருகி ஓடிவரும். சுவரைத் தாண்டி நீண்டுள்ள இறவாரத்துக்குக் கீழே வெப்பமில்லையாதலால் அங்கே மறுபடியும் உறையும். நாளடைவில் அஃது ஓர் அணையாகிப் பின்வரும் நீரைத் தேக்கும். கூரைத் தகடுகள் மேலிருந்து கீழே ஓடும் நீருக்கென்று அடுக்கப்பட்டவை. கீழிருந்து மேலே ஏறும் தேக்கத்துக்கு அவை காப்பல்ல. ஆகவே நீர் தகடுகளுக்கடியிற் புகுந்து சுவருச்சியில் இறங்குகிறது. மேட்டூர் அணையைப் பார்த்தவனாகிய எனக்கு இது விளங்கத் தடையிருக்கவில்லை.

அவர் தங்கை வீட்டிற் கண்டுபிடித்த குற்றங்கள் மூன்று. குளியலறை ஆவியை இழுத்துத் தள்ளும் விசிறியின் குழாய் வெளியே செல்லாமல் மச்சுக்குள்ளேயே முடிந்திருந்தது. மச்சுக் கதவு சரியாகப் பொருந்தவில்லை. வெப்பக் காப்புக்காகப் பரப்பிய பஞ்சு இறவாரத்துக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தது. அந்நாட்டு மாதிரிக் கட்டிட விதியின்படி, சாதாரணச் சரிவுள்ள கூரையின் மச்சுக்கு, காப்பிட்ட பரப்பில் 300-இல் ஒரு பங்காவது காற்றுத் துளை வேண்டும். துளைகள் இறவாரத்திலும் முகட்டருகிலும் பகிர்ந்திருந்தால் காற்று கீழே புகுந்து மேலே வெளியேறும். ஆனால் பெரியவர் துளையைப் பற்றி முதலிற் பேசவில்லை. “முதல் ஓட்டையை அடையுங்கோ, பிறகு பஞ்சைப் போடுங்கோ, கடைசியாக் காத்தைப் பாருங்கோ” என்றார். அறைக்காற்று மேலேறும் வழிகளை அடைக்காமல் முகட்டில் மட்டும் துளையைப் பெருக்கினால், அறையின் வெங்காற்றையே அஃது இன்னும் வலிந்து இழுக்குமாம். அயல்வீட்டார் ஒருவர் கைக்கோடரியால் இறவாரத்துப் பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியே பார்த்து, “கூரையையும் சேர்த்துக் கொத்துறார்” என்று சிரித்தார்.

தங்கையும் அவரும் கூலி பேசிக்கொண்டிருந்தபோது, யான் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மழையே இல்லாத தை மாசத்தில், விடியக்காலம் மட்டும். மேஸ்திரியார் ஐந்தாண்டுகளுக்கு முன்னரே விடையைக் கேள்வியாக்கி என்முன் வைத்திருந்தார்.

இதில் என் வெட்கத்தைப் பெருக்கியது மற்றொரு நினைவு. நமது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மெருகிட்ட பாத்திரத்தில் நீரை வார்த்து, பனிக்கட்டித் துண்டுகளைச் சிறிது சிறிதாயிட்டு, வெளிப்புறம் மங்கும் க்ஷணத்தில் உஷ்ணமானியைப் பார்த்துப் பனிநிலை இன்னதென்று குறித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன் யான். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் வைத்தியர் 1814-இல் பனித்துளியைப் பற்றி எழுதிய நூலின் முடிவையும் மனப்பாடம் பண்ணியிருந்தேன். பனி வானத்தினின்று விழுவதன்று. தெளிந்த இரவில் பூமியிலுள்ள பொருள்கள் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடுவதால், அக்காற்றின் ஆவியே அவற்றின்மேல் நீராகப் படிகிறது என்று அவர் நிறுவினார். மேகமற்ற இரவில் மெல்லிய இரும்புத் தகடு அவ்வாறு குளிர்வதிற் சிறந்தது. தந்தையாரோ மூட்டு வலிக்காக விடியற்காலம் நான்கு மணிக்கே வெந்நீர்க் குளியல் செய்பவர். மூடுபனிக் காலத்தில் துணிகளைக் கூடத்திற் கொடிகட்டி உலர்த்துபவர். அவ்வாவி முழுவதும் போவதற்கு யான் விட்டுவைத்த ஒரே வழி, பொருந்தாத மச்சுக் கதவு. பாட்டனாரின் புத்தகங்களை ஏறக்குறைய ஆவியிலேயே வைத்து வேகவிட்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் மேஸ்திரியாரிடம் செல்லவேண்டியது முறை. சென்றேனில்லை. அவர் முகத்தில் விழிக்கக் கூசி, ஏற்காட்டு ஆசாரி ஒருவரைக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பெரியவர் சொன்னபடியே எல்லாம் செய்வித்தேன். மச்சுக் கதவுக்கு ரப்பர் விளிம்பு வைத்தோம். குளியலறைக்கும் அடுக்களைக்கும் ஆவி போக்கும் குழாய்களைச் சுவருக்கு வெளியே விட்டோம். அடைத்த இறவாரத்தைத் திறந்து, அணில் புகாதபடி கம்பிவலை தைத்தோம். முகட்டிலும் காற்று வழி விட்டோம். 2020 ஜனவரியில் அங்கே தங்கியபோது ஒழுக்கு வெகுவாய்க் குறைந்திருந்தது, நின்றபாடில்லை.

காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். டொராண்டோவின் பனிக்காலத்து வெளிக்காற்று மிகக் குளிர்ந்தது. ஆதலின் அதிலுள்ள ஆவியும் மிகச் சிறிது. அக்காற்றை மச்சுக்குள் விட்டால் ஈரத்தை வாரிக்கொண்டு போகும். ஏற்காட்டின் விடியற்காற்றோ தானே ஈரஞ்சுமந்தது. அதனை உள்ளே விட்டால், குளிர்ந்த தகட்டின் அடியில் அதுவும் சிறிது வியர்க்கும். அங்கே மச்சு குளிர்ச்சியாயிருப்பது நன்று. இங்கே தகட்டின் அடிப்புறம் காற்றுக்கு எட்டாதிருப்பது நன்று. ஒரு தேசத்து மருந்தை அளவு மாற்றாமல் மற்றொரு தேசத்தில் உண்ட கதையாயிற்று.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மலையடிவாரத்து ஊருக்குச் சென்றேன். மேஸ்திரியார் வாசலிற் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முற்றும் நரைத்திருந்தது. பாக்கியை ஓர் உறையிலிட்டு நீட்டி, நடந்தவற்றைச் சொன்னேன். கனடாவையும் வெல்ஸையும் பொறுமையாய்க் கேட்டார். பின்பு உறையைப் பிரித்து எண்ணினார்.

“பசை டப்பா நாலுங்க” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் வற்புறுத்தலுக்காகக் கூரையேறித் தடவிய பசையைத் தம் கைக்காசில் வாங்கியிருக்கிறார். அதன் விலையையும் சேர்த்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அப்பால், ஒழுக்கு இன்னும் நிற்கவில்லையென்று கேட்டு, “தகரத்துக்கு அடியிலே ஒரு சட்டை போட்டாத்தானுங்க நிக்கும்” என்றார். இரும்பு நேரே வெற்றுடம்பாய்க் குளிரக்கூடாதாம். கைமரங்களின்மேல் பலகை தைத்து, அதன்மேல் வெப்பங் கடத்தாத நுரைப்பாய் விரித்து, அதன்மேல் ரீப்பர் அடித்து, அதற்கும் மேலே தகடு வேய வேண்டுமென்றும், தகட்டுக்கும் பாய்க்கும் நடுவே இறவாரத்தினின்று முகடுமட்டும் காற்று ஓட விரற்கடை சில இடம் விடவேண்டுமென்றும் சொன்னார். தகட்டின் அடியில் வியர்த்தாலும் அந்நீர் பாயின்மேல் ஓடி இறவாரத்துக்கு வெளியே விழுந்துவிடும். பள்ளியில் அவர் எவ்வளவு படித்தாரோ அறியேன்.

பழைய நாளில் நம்மவர் அடுப்புக்கு நேர்மேலே பரண் கட்டி, விதைத் தானியத்தைப் புகையில் வைத்ததையும் அவரே நினைவூட்டினார். கொல்லிமலையில் வேலைக்குப் போனபோது அத்தகைய பரண்களைக் கண்டிருக்கிறாராம். அடுப்பின் வெம்மை பரணை உலர்த்தி, வேய்ந்த புல்லின் ஊடே வெளியேறும். அப்புகையைத் தினமும் விழுங்கிய பெண்மக்களின் நுரையீரலை எண்ணினால் அவ்வழக்கம் திரும்பவேண்டுமென்று யான் சொல்லத் துணியேன்.

2020 மார்ச் மாதத் தொடக்கத்தில், ஊரடங்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பாக, வேலை முடிந்தது. தகடுகளைக் கழற்றிய அன்று மேஸ்திரியார் மேலிருந்து என்னைக் கூப்பிட்டார். ஒரு தகட்டை வெயிலிற் பிடித்து, முதலில் மேற்புறத்தைக் காட்டினார்; ஏழாண்டு மழையில் நின்ற வர்ணம் சிறிதும் மங்காமலிருந்தது. பின்பு திருப்பினார். அடிப்புறமெங்கும் செந்துரு, சொரி பிடித்தாற்போல. ஒன்றும் சொல்லாமல் அடுத்த தகட்டைக் கழற்றப் போய்விட்டார்.

மறு ஜனவரியில், தந்தையாரின் கட்டிலைப் பழைய இடத்திலேயே இட்டு, தெளிந்த இரவுகள் ஐந்து அங்கே உறங்கினேன். பாய் நனையவில்லை. பாட்டனாரின் புத்தகங்கள் இப்போது சேலத்தில் என் மேசையருகே உள்ளன. பதினேழில் பதினொன்று வாசிக்கத்தக்க நிலையில் இருக்கின்றன. யான் ஆறாவதைப் பிரதி செய்துகொண்டிருக்கிறேன். அந்தத் துருவேறிய தகடுகளுட் சிலவற்றை மேஸ்திரியார் கேட்டு வாங்கிச் சென்று, நாற்புறமும் வலையடித்த தமது கோழிக்கூண்டுக்கு வேய்ந்துகொண்டார். அதிற் சொட்டுவதேயில்லையென்று சென்ற மாதம் பார்த்தபோதும் சொன்னார்.